அலகுக்கு ஏற்ற உருக்கு

மயிலாப்பூர் மாடவீதிகளிலும் லஸ் சந்திப்பை அடுத்த நடைபாதைகளிலும் இளநீர் வண்டி நிறுத்தி வியாபாரம் செய்பவர்களின் கையிலிருக்கும் வெட்டுக்கத்தியைக் காட்டிலும் கடுமையான உழைப்புக்கு உள்ளாகும் கத்தி இந்நகரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காலை முதல் மாலை வரையில் நாரடர்ந்த மட்டையைச் சீவி, தலைப்பக்கத்தை இரண்டொரு வீச்சில் திறந்து, வழுக்கை வேண்டுமென்பவருக்குக் காயை இரண்டாகப் பிளந்து, வேலை இல்லாத நேரத்தில் வண்டியின் பலகையிலோ மட்டைக் குவியலிலோ ஈரத்தோடு குத்திவைக்கப்பட்டு, கடலிலிருந்து வீசும் உப்புக்காற்றிலேயே நாளெல்லாம் கிடந்து, மறுநாளும் அதே வேலைக்கு வந்து நிற்கும் அந்தக் கருவியில் கம்பெனியின் முத்திரை இராது. உருக்கின் ரகத்தைக் குறிக்கும் எண்ணும் இராது. ஆயினும், வெளிவேலைக்கு உகந்த கத்தியொன்றைத் தேர்ந்தெடுக்க விரும்பும் வாசகர், விலைப்பட்டியல்களைப் புரட்டுவதற்கு முன்னால் ஓர் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, அக்கத்தியின் முதுகு எவ்வளவு கனமாகவும் வாய் எவ்வளவு அகன்ற கோணத்திலும் அமைந்திருக்கின்றன என்பதையும், அதன் சொந்தக்காரர் அதனை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு சொற்ப நேரத்தில் கல்லில் தீட்டிக்கொள்கிறார் என்பதையும் கவனிப்பாராயின், இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததில் பாதியை அங்கேயே கிரகித்துக்கொண்டுவிடலாம்.

கடும் உபயோகம் என்று நாம் குறிப்பிடுவது எதை என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது அவசியம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது, அடையாறிலும் தியாகராய நகரிலும் நிழல் பரப்பி நின்ற மரங்கள் வேர் பெயர்ந்தும் கிளை முறிந்தும் தெருக்களை அடைத்துக்கொண்டன. வாசலை மறித்துக் கிடக்கும் கிளையை அகற்ற வேண்டிய அத்தகைய காலைப் பொழுதில், காய்கறி நறுக்கும் மெல்லிய கத்தியால் ஆகக்கூடிய காரியம் யாதொன்றும் இல்லை. தென்னை மட்டை கழித்தல், கொடிப்பந்தலுக்கு மூங்கில் பிளத்தல், மலைப் பயணத்தில் விறகு சீவுதல் ஆகியவையெல்லாம் வீச்சின் வேலைகள். கடற்கரையில் கயிறும் தூண்டில் நரம்பும் அறுப்பதும், மீன் சுத்தம் செய்வதும், கூடாரம் அடிக்கும்போது முளைக்குச்சியைக் கூராக்குவதும் அறுப்பின் வேலைகள். இவ்விரு வகைகளுக்கும் வேண்டிய உருக்கு ஒன்றாக இருக்க இயலாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைக்காரர் சொல்லும் மேன்மைகளில் எது தமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று வாசகர் தாமே நிதானித்துக்கொள்ளலாம்.

ஓர் அலகிடம் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் நான்கு. கூர் நெடுநேரம் நிற்க வேண்டும்; அடி தாங்க வேண்டும்; துருவுக்கு எளிதில் இரையாகக் கூடாது; மழுங்கியபின் கல்லுக்கு இணங்க வேண்டும். இந்நான்கும் ஒருங்கே உச்சத்தில் அமைந்த உருக்கு இதுவரை எந்த உலையிலும் வார்க்கப்படவில்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பது இப்பொருளின் சுபாவம். ஆகவே, எந்த உருக்கு உயர்ந்தது என்று கேட்பதைவிட, இந்த உருக்கு கெடும்போது எவ்விதமாகக் கெடும் என்று கேட்பதே விவேகம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அளவுக்கு மீறிய வேலை கொடுக்கும்போது ஒருவகை அலகின் வாய் மடங்குகிறது. இன்னொரு வகையின் வாய் பல் விழுந்து உதிர்கிறது. மூன்றாவது வகை முதுகோடு சேர்ந்து இரண்டாக ஒடிந்துபோகிறது. மடங்கிய வாயை ஒரு சாதாரணக் கல்லைக் கொண்டு, மரநிழலில் உட்கார்ந்தபடியே, சில நிமிஷங்களில் நேராக்கிக்கொள்ளலாம். பல் விழுந்த வாயைச் சீர்படுத்த வேண்டுமாயின் அந்தப் பல்லின் ஆழத்துக்கு அலகு முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும். அது சாணைச் சக்கரத்தின் வேலை. ஒடிந்த அலகோ பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். ஒடிகிற கணத்தில் அது யார் மீது போய்ப் பாயும் என்பதும் சொல்லுந்தரமன்று. இந்த ஒரே காரணத்தை முன்னிட்டு, வீச்சு வேலைக்கான கத்தியில் அடி தாங்கும் குணத்தை முதலிடத்திலும், கூர் நிற்கும் குணத்தை அதற்கு அடுத்த இடத்திலும் வைத்து இந்நூல் பேசுகிறது.

உருக்குக்கு இக்குணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சிறிது அறிந்துகொள்வது பிரயோஜனமாக இருக்கும். இரும்போடு சேர்ந்திருக்கும் கரிமத்தின் அளவுதான் இதில் பிரதானம். நூற்றுக்கு 0.2 பங்கு கரிமமுள்ள கட்டடக் கம்பியை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது வெட்டுவாய்க்குரிய கடினத்தை அடையாது, 0.5 பங்கிலிருந்து 0.6 பங்கு வரையில் கரிமமுள்ள உருக்கு நன்கு கடினமடைந்து, அடியையும் தாங்கும்; ஏறத்தாழ 0.8 பங்கைத் தாண்டும்போது, இரும்பு தன்னுள் அடக்கிக்கொள்ள மாட்டாத கரிமம் கார்பைடு என்னும் மிகக் கடினமான நுண்மணிகளாகப் பிரிந்து நிற்க, அம்மணிகளினால் கூர் நெடுநேரம் நிற்பதும் அவற்றினாலேயே அலகு உதிரும் தன்மையை அடைவதும் ஒருசேர நிகழ்கின்றன. செக்கச்சிவக்கக் காய்ந்த உருக்கைச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ தோய்க்கும்போது, உஷ்ணத்தில் இரும்பினுள் கரைந்திருந்த கரிமம் வெளியேற அவகாசமின்றி உள்ளேயே அகப்பட்டுக்கொள்கிறது. அதனால் பிறக்கும் கடினம் கண்ணாடிக்குச் சமமான நொறுங்கும் தன்மையோடு வருவதால், மறுபடியும் மிதமான சூட்டில் வாட்டி, கடினத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அடி தாங்கும் குணத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. பட்டறைகளில் தோய்ச்சல் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடப்படும் இந்த இரட்டைக் கிரியைதான் கத்தியின் உயிர்நிலை. மிக உயர்ந்த உருக்கும் தோய்ச்சல் பிசகினால் தகரத்துக்குச் சமானம். சாமானிய உருக்கும் தோய்ச்சல் நேராக அமைந்தால் ஒரு தலைமுறை உழைக்கும்.

கடினத்தை அளப்பதற்கு ராக்வெல் சி என்னும் அளவைப் பயன்படுத்துகிறார்கள். அயல்நாட்டுக் கத்திகளின் பெட்டி மேல் 58, 60, 62 என்று அச்சிடப்பட்டிருப்பது இதுவே. எண் பெரிதாயிருந்தால் கத்தி சிறந்தது என்ற எண்ணம் வாங்குவோரிடையே வேரூன்றியிருக்கிறது. அறுக்கும் கத்தியைப் பொறுத்தவரையில் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. தேங்காய் மட்டையையும் காய்ந்த வேப்பங்கிளையையும் வெட்ட வேண்டிய அலகுக்கு 54-லிருந்து 57 வரையில் போதுமானது. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு எண்ணும், கிளைக்குள் ஒளிந்திருக்கும் கணுவிலோ ஆணியிலோ அலகு மோதும்போது, வாய் உதிர்வதற்கான வாய்ப்பை அதிகமாக்குகிறது.

இனி, நம் கைக்கெட்டும் உருக்குகளுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பட்டறைகளில், அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கைச் சீமையின் திருப்பாச்சி உள்பட, லாரிப் பட்டையில் அடித்தது என்று சொல்லி ஓர் அரிவாளை விற்பனைக்கு வைத்தால் அதைவிடச் சிறந்த சிபாரிசு அதற்குத் தேவைப்படுவதில்லை. லாரியின் அச்சுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, பல டன் பாரத்தைத் தாங்கி, குழிகளில் விழுந்தெழும்போதெல்லாம் வளைந்து நிமிரும் அந்த வில்பட்டைகள் வெறும் வழக்கத்தினால் இப்பெருமையை அடைந்துவிடவில்லை. நம் நாட்டில் இவற்றுக்கு நெடுங்காலமாக வழங்கிவரும் இஎன்45 என்ற ரகத்தில், ஏறத்தாழ 0.5 முதல் 0.6 பங்கு கரிமத்தோடு, 1.5 முதல் 2 பங்கு சிலிக்கனும், ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மாங்கனீசும் கலந்திருக்கின்றன. அமெரிக்க வழக்கில் 5160 என்று எண்ணிடப்பட்ட ரகத்தில் சிலிக்கனுக்குப் பதிலாக நூற்றுக்கு 0.8 பங்கு அளவில் குரோமியம் சேர்கிறது. வளைந்தும் முறியாதிருப்பதற்காகவே தேர்ந்தமைத்த இக்கலவைகள் வீச்சுக் கத்திக்கும் பொருந்தியதில் வியப்பில்லை. எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையில், பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் சந்துகளில், இத்தகைய பட்டைகள் எடைக்குக் கிடைக்கும். அவற்றை வாங்குவோர் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும்: பல்லாண்டுகள் வளைந்து நிமிர்ந்த பட்டையில், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கக்கூடும், அவ்விரிசல் அலகுக்குள் போய்விட்டால் எந்தத் தோய்ச்சலாலும் அதை மறைக்க முடியாது. ஒடிந்துபோன பட்டையின் துண்டைத் தவிர்த்துவிடுக. நடுத்துளையை ஒட்டிய பகுதியையும் விலக்குக. கூடுமானால், பட்டை தயாரிப்போரிடம் எஞ்சும் புதுத் துண்டையே தேடிப்பிடிக்குமாறு ஆசாரியிடம் கேட்டுக்கொள்ளுக.

பட்டறையில் நின்று தோய்ச்சலைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதை நழுவவிடலாகாது. உருக்கு ஏறக்குறைய 770 டிகிரி உஷ்ணத்தில் காந்தத்துக்கு இழுபடும் குணத்தை இழந்துவிடும் என்பது இயற்கை நமக்குக் கொடுத்திருக்கும் அருமையான அடையாளம். அந்த நிலையைத் தாண்டிச் சற்று மேலும் ஏற்றி, நிறம் ஒரே சீராகப் பரவியவுடன் தோய்க்க வேண்டும். மஞ்சள் பாய்ந்து பொறி பறக்குமளவுக்குக் காய்ச்சினால், உருக்கினுள் இருக்கும் மணிகள் பருத்து, அலகு உள்ளூர நலிந்துவிடும். அப்படி நலிந்த துண்டை ஒடித்துப் பார்த்தால் முறிவாய் சர்க்கரையைத் தூவியதுபோல் பரபரவென்று மின்னும். நல்ல தோய்ச்சலின் முறிவாயோ மங்கிய சாம்பல் நிறத்தில் மழமழவென்றிருக்கும். சிலிக்கன் மிகுந்த பட்டையை நெடுநேரம் உலையில் கிடத்தினால் மேற்பரப்பிலுள்ள கரிமம் எரிந்துபோய், தோலளவுக்கு மெத்தென்று ஆகிவிடும் என்பதால், தோய்ச்சலுக்குப் பிறகு வாயை நன்றாக அரத்தால் ராவித் தள்ளிய கத்தியே முதல் நாளிலிருந்து வெட்டும். இத்தகைய பட்டைகளைத் தண்ணீரில் தோய்த்தால் கீறல் விழும் அபாயமுண்டு. சூடேற்றிய எண்ணெயே உசிதம். பிறகு வாட்டும் கட்டத்தில், தேய்த்துப் பளிச்சென்றாக்கிய பரப்பின் மீது வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வர்ணங்கள் வரிசையாக ஓடிவரும். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 230 டிகிரியையும் நீலம் ஏறக்குறைய 300 டிகிரியையும் காட்டுவன. வாயில் பழுப்பும் முதுகில் நீலமுமாக நிறுத்தத் தெரிந்த ஆசாரியின் கைக்கு நான் தலைவணங்குகிறேன். கருவிகளின் துணையின்றி, கண்ணையே அளவுகோலாகக் கொண்டு அவர் செய்யும் இந்தக் காரியம், பெரிய ஆலைகளில் மின்சார உலைகள் செய்யும் அதே காரியந்தான்.

இந்தக் கைத்திறன் நம் நிலத்துக்குப் புதியதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றால், ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளைக் காணலாம். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் உருக்கு வார்த்த உலைகளின் எச்சங்கள் அகழ்வாய்வில் வெளிப்பட்டிருக்கின்றன. இரும்பையும் கரியேறிய பொருள்களையும் களிமண் மூசையில் இட்டு மூடி உருக்கி எடுத்த தென்னாட்டு உருக்கைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795-இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் கட்டுரை வாசித்ததும், மைக்கேல் பாரடே, ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநரோடு சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் ரகசியத்தை ஆராய முற்பட்டதும் சரித்திரம். இந்தப் பெருமையினால் உந்தப்பட்டு, அத்தகைய உருக்கிலேயே தமக்கொரு காட்டுக்கத்தி வேண்டுமென்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரையில் கரிமம் செறிந்த அந்த உருக்கு மெல்லிய கூருக்கு உகந்ததேயன்றி, தென்னை மட்டை மீது நாள்தோறும் விழும் அலகுக்கு உகந்ததன்று. கிராமத்து ஆசாரிகள் மிருதுவான இரும்பின் வாயில் மட்டும் உருக்கைப் பொருத்திப் பற்றவைத்து அடித்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அடி தாங்குவது ஓர் உலோகம், வெட்டுவது ஓர் உலோகம் என்று பிரித்து வைத்த அவர்களுடைய அறிவு புலனாகும்.

சென்னையில் வசிப்பவருக்கு மற்ற ஊரார்க்கில்லாத கவலையொன்று உண்டு, அது கடற்காற்று. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் ஜன்னல் கம்பிகள் சில ஆண்டுகளில் அரித்துப்போவதைக் கண்டவர்களுக்கு இதை விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துவைத்துக்கொள்வதால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எண்ணெய் பூசாத பட்டைக் கத்தி ஓர் இரவிலேயே செம்பூத்துவிடுகிறது. இதற்காகப் பயந்து பட்டைக் கத்தியைக் கைவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை என்பதே என் பதில். அலகு மீது பரவும் செந்துரு மேற்பரப்போடு நிற்கும்போதே துணியால் தேய்த்து நீக்கத்தக்கது. மட்டையிலும் மரப்பட்டையிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு கலந்து உண்டாக்கும் கருமையோ, பார்வைக்கு அழகில்லாவிடினும், கேடு செய்வதன்று. இளநீர்க்காரரின் கத்தி கறுத்திருப்பது இதனால்தான். உபயோகித்தபின் நல்ல தண்ணீரில் கழுவி, உலரத் துடைத்து, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவிவைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்கேறும். தோலுறையில் இட்டு மாதக்கணக்கில் வைப்பது பெருந்தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி அலகு மீதே அழுத்திவைத்துக்கொள்ளும்.

எவர்சில்வரில் ஏன் வாங்கக் கூடாது என்று கேட்பவர்களுக்குத் தனியே பதில் சொல்ல வேண்டும். தியாகராய நகரின் பாத்திரக் கடைகளில் பளபளக்கும் குடமும் தூக்கும் செய்யப்படும் 304 முதலிய ரகங்களில் குரோமியமும் நிக்கலும் மிகுந்து, கரிமம் மிகச் சொற்பமாக இருப்பதால், அவற்றைத் தோய்த்துக் கடினமாக்க இயலாது. அவ்வகைத் தகட்டை வெட்டித் தீட்டி, அலங்காரப் பிடி பொருத்திய கத்திகளும் விற்பனைக்கு வருகின்றன. சிறிய காந்தமொன்றைச் சட்டைப்பையில் கொண்டுசெல்க. அலகில் காந்தம் ஒட்டவே இல்லையானால், எவ்வளவு மலிவாயினும் அதை வாங்க வேண்டாம். காந்தம் ஒட்டுவதனால் மட்டும் கத்தி நல்லதென்று தீர்மானிப்பதற்கில்லை. விலக்கத்தக்கதை விலக்குவதற்கு அது உதவும்.

தோய்ச்சலுக்கு இணங்கும் எவர்சில்வர் ரகங்கள் வேறு. சமையற் கத்திகளில் காணப்படும் 420 என்ற ரகம் மிருதுவானது, மழுங்குவதும் சீக்கிரம், தீட்டுவதும் சுலபம். ஸ்வீடன் தேசத்திலிருந்து வரும் சிறு கத்திகளில் அமைந்த 12சி27, 14சி28என் என்பவை, 0.6 பங்கு அளவில் கரிமமும் 14 பங்கு அளவில் குரோமியமும் கொண்டு, கார்பைடு மணிகள் மிக நுண்ணியவையாய் அமைந்தமையால், கூரும் நன்கு நின்று, அடியையும் ஓரளவு தாங்குவன. கடற்கரையில் மீன் பிடிப்பவருக்கும் படகில் செல்பவருக்கும் கரிமத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக நைட்ரஜனைச் சேர்த்து ஆக்கிய எல்சி200என் ரகத்தைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். உப்புநீரை அது போலத் தாங்குவன சிலவே. துருப்பிடிக்காதென்று பெயர் பெற்றவையும் உப்பில் கிடந்தால் ஊசிக்குத்துப் போன்ற ஆழ்ந்த புள்ளிகளாக அரிபடும் என்பதையும், மேற்பரப்பில் பரவும் செந்துருவைவிட அந்தப் புள்ளிகளே திருத்தக் கடினமானவை என்பதையும் மறக்கலாகாது.

கடைகளில் அடிக்கடி காணப்படும் டி2 என்ற ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 12 பங்கு குரோமியம் இருப்பதைக் காட்டி, இதுவும் ஏறக்குறைய எவர்சில்வரே என்பார்கள், ஆனால் 1.5 பங்கு கரிமம் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதியைத் தன்னோடு பிணைத்துக் கார்பைடாக்கிவிடுவதால், துருவைத் தடுக்க எஞ்சுவது போதாது. சென்னைக் காற்றில் அது புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும். ஆலைகளில் தகடு வெட்டும் அச்சுகளுக்கென்று பிறந்த அந்த உருக்கு அட்டையும் கயிறும் அறுப்பதில் நெடுநாள் கூர் நிற்கும், வீச்சுக்கு உதவாது. 440சி என்ற ரகம் துருவை நன்கு எதிர்த்தாலும், வீச்சைப் பொறுத்தமட்டில் அதன் கதியும் அதுவே. தூளாக்கிய உருக்கை அழுத்திச் சேர்த்து ஆக்கும் புதிய ரகங்களில் 3வி என்பது அடி தாங்குவதிலும் கூர் நிற்பதிலும் ஒருங்கே சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விலையில் நம்மூர் ஆசாரியிடம் பல அரிவாள்கள் வாங்கலாம். வனேடியம் கலந்த கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானதாகையால், வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் அதைத் தீட்டப் புகுந்தால் கல்தான் தேயும்.

தீட்டுதல் என்றதும், தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணை பிடிப்பவரின் நினைவு வருகிறது. அவருடைய கை நேர்த்தியானதே. ஆனால் உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய வாயை நெடுநேரம் அழுத்தினால், வாயோரம் நீலம் பாய்ந்துவிடும். நீலம் கண்ட இடத்தில் உஷ்ணம் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டது என்று பொருள். கடினமாகத் தோய்த்த அலகில் அந்த இடம் மெத்தென்று ஆகிவிட்டபடியால், எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொல்லுக. வீட்டிலேயே தீட்டுவதானால், ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நயமுமாக உள்ள ஒரு கல் போதும். வீச்சுக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரியும், அறுக்கும் கத்திக்கு 15 முதல் 18 டிகிரியும் சரியாக இருக்கும்.

வாங்கும்போது செய்யத்தக்க பரீட்சைகள் சுலபமானவை. வாயோரம் நுண்ணிய அரத்தை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும்: கண்ணாடி மேல் ஓடுவது போல் வழுக்கிக்கொண்டு போனால் வீச்சுக்கு அது மிகக் கடினம், வெண்ணெய்க்குள் இறங்குவது போல் அரித்துக்கொண்டு போனால் தோய்ச்சலே இல்லை, பிடித்தும் பிடிக்காமலும் கரகரத்தால் நல்லது. பித்தளைக் கம்பியொன்றின் மேல் வாயைச் சாய்த்து அழுத்தினால் அது சற்று வளைந்து, எடுத்தவுடன் நிமிர வேண்டும். அலகைத் தட்டினால் எழும் ஓசை தெளிவாக நீண்டு ஒலிக்க வேண்டும்; பட்டென்று அடங்கிப்போனால் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். காம்பு பிடிக்குள் நுழையுமிடத்தில் கூர்மையான மூலை வெட்டப்பட்டிருந்தால் அவ்விடத்திலேதான் ஒருநாள் ஒடியும். அங்கே வளைவு இருப்பதும், பூண் இறுக்கமாக அமைந்திருப்பதும் அவசியம். பட்டறையில், “எதில் அடிச்சீங்க ஆசாரி, எதில் தோய்ச்சீங்க?” என்று கேட்டால் நேர்மையானவர் தயங்காமல் பதில் சொல்லுவார், எண்ணெயா தண்ணீரா, ஒரு தடவையா மறுவாட்டம் உண்டா என்று அந்தப் பதிலிலிருந்தே மேலும் விசாரித்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் விடுவது தகாது. ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொழிலுக்கும் என அமைந்தவை நீங்கலாக, ஆயுத வகையில் சேரும். தோட்டத்து அரிவாள் இந்த விலக்குக்குள் அடங்கினாலும், காரணமின்றி அதைப் பொது இடத்தில் ஏந்திச் செல்வது வேறு விஷயம். சாக்கில் சுற்றிக் கட்டி, நேரே வீட்டுக்குக் கொண்டுபோவதே முறை. வாங்குபவரின் பெயர், முகவரி முதலியவற்றைக் குறித்துக்கொள்ளும்படி பட்டறைக்காரர்களுக்குத் தமிழகக் காவல்துறை 2021-இல் அறிவுறுத்தியிருப்பதால், கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுக. மலைப்பயணம் செல்வோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும்: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்னும் சொல் கத்தியையும் உள்ளடக்குகிறது, சரணாலயத்துக்குள் அதைக் கொண்டுசெல்ல எழுத்துமூலமான முன் அனுமதி தேவை.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தபின், மயிலையிலோ அடையாறிலோ வசித்துக்கொண்டு, தோட்டத்துக்கும் புயல்நாளுக்கும் எப்போதாவது ஒரு மலைப்பயணத்துக்குமாகக் கத்தி வாங்க விரும்புபவருக்கு நான் சொல்வது இதுதான். வீச்சுக்கு, எண்ணெயில் தோய்த்து வாட்டிய, முதுகில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள லாரிப்பட்டை வெட்டுக்கத்தி ஒன்று. அறுப்புக்கு, நான்கு அங்குல அலகுடைய எவர்சில்வர்ச் சிறுகத்தி ஒன்று. முதலாவதை நேரே பட்டறைக்குச் சென்று, சொல்லி அடிக்கச் செய்து வாங்குக. அங்கே பேரம் பேச வேண்டாம். விலையைக் குறைக்கச் சொன்னால் குறைவது உருக்கன்று, உலையடியில் ஆசாரி தோய்ச்சலுக்காகச் செலவிடும் நேரமே குறையும். கூடுதலாக ஒரு நாள் ஆனாலும் ஆகட்டும், மறுவாட்டம் செய்தே கொடுங்கள் என்று கேட்டு, அதற்குரிய கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிட்டு வாருங்கள்.